பயந்த பேய்க்கு அரைக் கதிரை

கொட்டகலைக்கு மேலே பச்சைக்காட்டுத் தோட்டத்தில் ஏச்சுக்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும்போது கணக்கப்பிள்ளை ஏசுவார். தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் கங்காணி ஏசுவார். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில், குடத்தை முந்தி வைத்தவளைப் பிந்தி வந்தவள் ஏசுவாள். ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக நிற்கும் லயத்துக்குத் திரும்பினால் வாசலில் படுத்திருக்கும் நாய்க்கும் இரண்டு வார்த்தை கிடைக்கும். இதையெல்லாம் யாரும் மனதில் வைத்துக்கொள்வதில்லை. பகலில் வாங்கியதைச் சாயங்காலத் தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டு மறுநாள் அதே ஆட்களோடு சிரித்துப் பேசுவார்கள். ஆனால் அந்தத் தோட்டத்திலேயே அதிகம் ஏச்சு வாங்கியது யார் என்று கேட்டிருந்தால் ஒருவருக்கும் சரியான பதில் தெரிந்திருக்காது. அது சூசைரட்ணத்தின் ஒரே மகள் சுகிர்தம். அவளை ஏசியதும் சுகிர்தம்தான்.

வெளியே பார்த்தால் அவளைப் போலச் சாது கிடையாது. பக்கத்துக் காம்பராப் பிள்ளை அவளுடைய பாவாடையில் மையைக் கொட்டினாலும் பரவாயில்லை கண்ணு என்று சொல்லிவிட்டுத் துவைக்கப் போவாள். ஆட்டுக்குட்டி அவள் காலை மிதித்தால் அவள்தான் அதனிடம் மன்னிப்புக் கேட்பாள். உள்ளுக்குள் மட்டும் வேறு நிர்வாகம் நடந்துகொண்டிருந்தது. கரண்டி நழுவினால், மூதேவி, உனக்கெல்லாம் கை எதற்கு. கணக்குப் பிழைத்தால், மண்டையில் களிமண்ணை வைத்துக்கொண்டு நீ டீச்சராகப் போகிறாயா. வெளியே ஏசுகிற கங்காணிக்காவது சாயங்காலம் வேலை முடிந்துவிடும். உள்ளே ஏசுகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது, பூசை நேரத்திலும் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

டீச்சராகவேண்டும் என்ற ஆசை சுகிர்தத்துக்கு மட்டும் இருந்ததல்ல. தோட்டப் பள்ளிக்கூடங்களுக்குத் தோட்டத்துப் பிள்ளைகளிலிருந்தே ஆசிரியர் எடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு அந்தக் காலத்தில் மலைநாடு முழுக்க அடிபட்டது. சாதாரண தரப் பரீட்சை தேறியிருக்க வேண்டும், அதிலும் கணிதம் தேறியிருக்க வேண்டும். தேறாவிட்டால் இருக்கவே இருக்கிறது பேர் பதிவு. கணக்கப்பிள்ளையிடம் போய்ப் பெயரைக் கொடுத்தால், மறுநாள் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போகலாம். அவளுடைய தாய் அந்தோனியம்மா பதினான்கு வயதில் அப்படிப் போனவள்தான். கொழுந்து பறிக்கிறதில் கேவலம் ஒன்றும் இல்லை, ஆனால் தன் மகள் குளிரில் அட்டைக் கடியோடு நிற்கவேண்டாம் என்று அந்தோனியம்மா அந்தோனியார் சிலைக்கு முன்னால் பல வருடங்களாக வழக்காடிக்கொண்டிருந்தாள்.

எழுபத்தொன்பதாம் ஆண்டு டிசம்பரில் அட்டனில் முதல் பரீட்சை. தமிழ், சமயம், சமூகக்கல்வி எல்லாம் நல்லபடியாகப் போயின. கணித வினாத்தாளைத் திருப்பியதும்தான் வினை வந்தது. நெஞ்சு பறையடித்தது, உள்ளங்கை நனைந்தது, மூச்சு பாதி வழியில் நின்றது. வீட்டில் தண்ணீராகத் தெரிந்த கணக்குகள் முன்பின் பார்க்காதவர்களைப் போல முறைத்தன. ஓடிவிடு என்று கால் சொல்ல, அவளும் காலின் பேச்சைக் கேட்டுவிட்டாள். ஸ்டேஷனில் நின்ற ரயிலில் ஏறினாள். அடுத்ததே கொட்டகலைதான், அங்கே இறங்கவேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் மலையேறிப் போய் நானுஓயாவில் கண் விழித்தவள் போல இறங்கினாள். திரும்பி வரும் ரயிலுக்காகக் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்ற நேரம் முழுவதையும் தன்னை ஏசுவதற்கே செலவழித்தாள்.

அடுத்த வருடம் ஓடக் கூடாது என்று கதிரையின் காலில் தன் காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்தாள். ஓடவும் இல்லை, எழுதவும் இல்லை. போன தடவை ஓடியதற்கான ஏச்சு பாக்கி இருந்தது, அதைத் தொடங்கியவளுக்கு மணி அடித்ததுதான் தெரியும். விடைத்தாளில் அவளுடைய பரீட்சை இலக்கமான சுட்டெண் மட்டும் மிக அழகான கையெழுத்தில் இருந்தது.

இங்கே கொஞ்சம் சிரிப்பை நிறுத்திவைக்க வேண்டும். அந்தப் பெறுபேறு வந்த பிறகு சுகிர்தம் காம்பராவில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். தலை சீவவில்லை. கூப்பிட்டால் ம் என்றாள், பிறகு அதுவும் இல்லை. ரொட்டியும் சம்பலும் வைத்தால் ஒரு விள்ளல் போகும், மீதியை நாய் தின்னும். முழித்திருக்கிறாளா தூங்குகிறாளா என்று தெரியாது, உதடு மட்டும் அசைந்துகொண்டே இருக்கும். அந்தோனியம்மா மலையிலிருந்து வந்ததும் கூடையை இறக்குவதற்கு முன்னால் மகள் மூச்சு விடுகிறாளா என்று பார்ப்பாள். பரீட்சை போனது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தச் சுவர்தான் பயமாக இருந்தது.

இப்போது அதற்கு ஆஸ்பத்திரியில் பெயர் இருக்கிறது. அன்று லயத்தில் இருந்த பெயர் ஒன்றே ஒன்று, அதைச் சொல்ல முன்வந்தவள் அடுத்த காம்பராக் காளியாயி. அவள் ஒரு தடவை கதவுப்பக்கம் நின்று எட்டிப் பார்த்தாள். விரித்த தலை, அசைகிற உதடு, தொடாத சோறு. பல வருடங்களுக்கு முன்னால் ஆற்றுப்பாறையில் வழுக்கி விழுந்து செத்த ஒரு கொழுந்துக்காரிதான் வந்து பிடித்திருக்கிறாள் என்று காளியாயி அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். சுகிர்தம் ஆற்றுப்பாறைப் பக்கம் போயே வருடக்கணக்கு ஆகிறது என்று அந்தோனியம்மா சொல்லிப் பார்த்தாள். அவள் போகாவிட்டால் என்ன, பேய்க்குக் கால் இல்லையா என்று காளியாயி கேட்டாள். பேய்க்குக் கால் இல்லை என்று அதுவரை சொல்லிவந்தவளும் காளியாயிதான்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. சூசைரட்ணம் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர் என்றாலும், தோட்டத்திலிருந்த சின்ன அந்தோனியார் கோயிலுக்கு மூப்பர். பங்குச்சாமி வராத ஞாயிறுகளில் செபமாலை சொல்லிக் கொடுப்பவர் அவர்தான். அப்படிப்பட்டவர் மகளைப் பேயோட்டும் கோடாங்கியிடம் கொண்டுபோவது என்றால் தோட்டமே சிரிக்கும். அந்தோனியம்மா யோசித்தாள். அந்தோனியாரிடம் கேட்டாயிற்று, மெழுகுதிரி ஏற்றியாயிற்று, கடைசியில் புனிதருக்கும் உதவிக்கு ஆள் தேவைப்படலாம் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மூப்பர் கோயிலில் செபமாலையைத் தொடங்கிய சமயம் பார்த்து, ஒரு கையில் மகளையும் மறு கையில் சாக்குக்குள் ஒரு சேவலையும் பிடித்துக்கொண்டு தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்குக்கு இறங்கினாள்.

கோடாங்கி செல்லசாமி பகலில்தான் பேய் ஓட்டுவார். இரவில் அவருக்குத் தேயிலை ஸ்டோரில் வேலை. வேறு ஊர்களில் பேய்கள் நடுச்சாமத்தில் நடமாடலாம், கீழ்க்கணக்குப் பேய்கள் செல்லசாமியின் வேலை நேரத்தை அனுசரித்து நடந்துகொண்டன. அவர் பெரிய ஞானி ஒன்றும் அல்ல. நாலு பேய்க்கதை தெரியும், நன்றாக உடுக்கு அடிப்பார், சேவல் குழம்பு பிடிக்கும். ஆனால் ஒரு பழக்கம் அவரிடம் இருந்தது. அந்தத் தொழிலில் எல்லாருக்கும் உள்ளதுதான். ஓட்டுவதற்கு முன்னால் பேயைக் கூப்பிட்டு மரியாதையாக விசாரிப்பார்.

கற்பூரம் கொளுத்தினார். திருநீறு அள்ளிப் போட்டார். சுகிர்தத்தின் கழுத்தில் ஒரு சிலுவை மாலையைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார், அதை உள்ளே தள்ளிவிடச் சொல்லிவிட்டு உடுக்கை எடுத்தார். சுகிர்தம் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தாள். இந்தக் கேவலத்துக்கும் நீதான் காரணம், மூப்பர் மகளே, என்று உள்ளே வழக்கமான வேலை தொடங்கியது. ஆனால் உடுக்கு விடவில்லை. மனம் அட்டன் மண்டபத்துக்குப் போகும், உடுக்கு ஒரு தட்டுத் தட்டும், காது திரும்பி வரும். நானுஓயா மேடைக்குப் போகும், மறுபடியும் தட்டும், திரும்பி வரும். போவதும் வருவதுமாக இருந்து, கடைசியில் கொஞ்ச நேரம் உடுக்கு மட்டும் கேட்டது. பல மாதங்களுக்குப் பிறகு அவளை யாரும் ஏசாத நேரம் அது.

அப்போது செல்லசாமி உடுக்கைத் தாழ்த்திக் குனிந்து கேட்டார்.

“யாரு தாயி நீ? எங்கேருந்து வர்ற? ஒனக்கு என்னா வேணும்னு சொல்லு தாயி. நாங்க ஒண்ணும் செய்யமாட்டோம்.”

தோட்டத்தில் மனிதர்களிடம் யாரும் அப்படிப் பேசிச் சுகிர்தம் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில், பீலியடியில், வீட்டில், எங்கேயும் என்ன வேணும் என்று இத்தனை பதமாக அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவளே தன்னிடம் அப்படிக் கேட்டதில்லை. ஒரு பேய்க்கு இவ்வளவு மரியாதையா என்று பொறாமையாக இருந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால் நன்றாக இருக்காது என்றும் தோன்றியது.

“பயமா இருக்கு,” என்றாள்.

செல்லசாமி உடுக்கோடு நின்றுவிட்டார். அவர் கேட்டுப் பழகிய பேய்களுக்குச் சாராயம் வேண்டும், சுருட்டு வேண்டும், கறுப்புச் சேவல் வேண்டும். இல்லை என்றால் உருட்டி மிரட்டும், அவரும் பதிலுக்கு மிரட்டுவார், முடியைப் பிடித்து இழுத்துப்போய் மரத்தில் வைத்து ஆணி அடிப்பார். அதற்கெல்லாம் முறை இருந்தது. பயப்படுகிற பேய்க்கு என்ன செய்வது என்று அவருக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. பயந்து நடுங்குகிறதை முடியைப் பிடித்து இழுக்க அவருக்குக் கை வரவில்லை.

யார் பயமுறுத்துகிறார்கள் என்று கேட்டார். இவள்தான் என்று பேய் சொன்னது. எவள் என்று கேட்டார். இந்தப் பிள்ளைதான், சுகிர்தம்தான், எந்த நேரமும் ஏசுகிறாள், மூதேவி என்கிறாள், செத்துப் போ என்கிறாள் என்று பேய் வரிசையாக முறையிட்டது. முறையிட முறையிடக் கண்ணீர் கொட்டியது. அந்தோனியம்மா வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். பேய் பேசுகிறதா மகள் பேசுகிறாளா என்று அவளுக்குத் தெரியவில்லை. சுகிர்தத்துக்கும் அது அவ்வளவு தெளிவாக இல்லை.

பேயைப் பிள்ளையிடமிருந்து காப்பாற்றித்தான் செல்லசாமிக்குப் பழக்கம் இல்லை. ஆனாலும் கூப்பிட்ட பேயை அப்படியே விட முடியுமா? கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். இது போகிற சாதி இல்லை, போக்கிடமும் இல்லை, இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் இனி இந்தப் பிள்ளை அதை ஏசக் கூடாது. அது வந்தால் கொஞ்சம் தள்ளி இடம் விட்டு உட்காரச் சொல்லிவிட்டு, தன் வேலையைப் பார்க்க வேண்டும். இதற்குக் கற்பூரத்தின் மேல் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டும்.

சுகிர்தம் சத்தியம் செய்தாள். பேய் போகாத வீட்டிலிருந்து கூலி வாங்குவது தொழிலுக்கு அவமானம் என்று செல்லசாமி சேவலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தோனியம்மாவுக்கு அது ஒரு பெரிய ஆறுதல், ஏனென்றால் சேவல் காணாமல் போனதற்குப் புருஷனிடம் சொல்ல அவள் யோசித்து வைத்திருந்த பொய் அவ்வளவு சரியாக வரவில்லை.

சத்தியம் செய்வது சுலபம், காப்பாற்றுவதுதான் பாடு. தன்னை எத்தனை தடவை ஏசுகிறோம் என்பதே சுகிர்தத்துக்கு அப்போதுதான் தெரியவந்தது. கண்ணைத் திறந்ததும் ஒன்று, முகம் கழுவுகையில் ஒன்று, தேத்தண்ணி கொதிப்பதற்குள் இன்னும் சில. பாதி வார்த்தையில் நிறுத்துவாள். சத்தியத்தை மீறிவிட்டேனே, நான் உருப்படுவேனா என்பாள். அதுவும் ஏச்சுத்தான் என்று உறைக்கும். ஐயோ அதையும் ஏசிவிட்டேனே, புத்தி கெட்ட கழுதை என்பாள். ஒருநாள் பீலியடியில் குடத்தை வைத்துவிட்டு இப்படியே ஒன்றன்மேல் ஒன்றாக ஏசிக்கொண்டு போனவள், எதற்காகத் தொடங்கினோம் என்பதே மறந்துபோய்ச் சிரித்துவிட்டாள். குடம் நிரம்பி வழிய வழியச் சிரித்தாள். பின்னால் குடத்தோடு நின்ற காளியாயி, பேய் முற்றிவிட்டது என்று அன்று சாயங்காலமே எல்லாக் காம்பராவுக்கும் சொல்லிவிட்டாள்.

அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கைவந்தது. கணக்குப் போட உட்காருவாள். இரண்டாவது வரியில் மனம் பரீட்சை மண்டபத்துக்கு ஓடிவிடும், நெஞ்சு அடிக்கத் தொடங்கும். முன்பென்றால் அங்கேயே ஏச்சும் ஆரம்பமாகும். இப்போது, வந்துட்டியா தாயி, உக்காரு என்று பாயில் சற்றே நகர்ந்து இடம் விடுவாள். பிறகு விட்ட வரியைத் தேடிப் பிடிப்பாள். மறுபடியும் ஓடும், மறுபடியும் போய்க் கூட்டி வருவாள். ஆடு மேய்க்கையில் விலகிப்போன குட்டியை அவள் அடித்து இழுத்ததே இல்லை, முதுகில் கை வைத்துத் திருப்பிவிடுவாள். அதே வேலைதான் இதுவும், ஆடு மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. இவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த நேரத்தில் விஷயம் காளியாயி வழியாக மூப்பர் காதுக்குப் போயிற்று. சூசைரட்ணம் கத்தவில்லை. கத்தியிருந்தால் அந்தோனியம்மாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். கவ்வாத்துக் கத்தியைத் தீட்டித் தீட்டி வைத்தார். கடைசியில் ஒரு நாள் மகளுக்கு எதிரே வந்து குந்தினார். அது இன்னும் வீட்டில்தான் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றாள். என்ன செய்கிறது என்றார். ஒன்றும் செய்யவில்லை, பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறது என்றாள்.

மூப்பருக்குப் பிசாசுகளைப் பற்றித் தெரியும். அவை கர்ச்சிக்கும், சோதிக்கும், பன்றிக்குள் புகும். பயந்துபோய் ஒரு மூலையில் உட்காரும் பிசாசைப் பற்றி ஞானோபதேசத்தில் ஒரு வரிகூட இல்லை. பிறகு எழுந்துபோய்த் தீர்த்தப் போத்தலை எடுத்து வந்தார். ஞானஸ்நானம் பெறாத எதுவும் தன் வீட்டில் குடியிருக்கக் கூடாது என்றும், அவசரத்துக்கு மூப்பர் கொடுத்தால் செல்லும் என்றும் சொன்னார். அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டு, சுகிர்தம் காட்டிய பக்கம், குளிர்ந்துவிடக் கூடாது என்பது போல மிகக் கொஞ்சமாகத் தெளித்தார். பெயர் வைக்கும் கட்டத்தில் மட்டும் தயங்கி, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று போத்தலை மூடினார்.

மூடிவிட்டுத்தான் வந்த விஷயத்தைச் சொன்னார். கணக்கப்பிள்ளையிடம் பேசிவிட்டாராம். தை பிறந்ததும் அவளுடைய பெயரைப் பதிந்துவிடலாமாம். பரீட்சைக்கு இனிப் போகவேண்டாம் என்றார். சொல்லும்போது அவர் மகளைப் பார்க்கவில்லை, போத்தலைப் பார்த்தார்.

“எனக்கு டீச்சரு வேணாம். நீ இன்னொருக்கா செவத்தப் பாத்துப் படுத்தா எங்களால தாங்க ஏலாது. எனக்குப் புள்ளதான் வேணும்.”

தன்னை நினைத்து அப்பா பயந்துகொண்டிருக்கிறார் என்பது சுகிர்தத்துக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் அவளைப் பார்த்து வெட்கப்படுகிறார் என்றுதான் அவள் அத்தனை நாளும் நினைத்திருந்தாள். ஒரே ஒரு தடவை போய்வருகிறேன், தேறாவிட்டால் நானே போய்ப் பெயரைப் பதிகிறேன் என்று கெஞ்சினாள். சூசைரட்ணம் அந்தோனியம்மாவைப் பார்த்தார். அந்தோனியம்மா சுவரைப் பார்த்தாள். கடைசியில் இருவரும் அரை மனதாகச் சரி என்றார்கள்.

எண்பத்தொன்றாம் ஆண்டு டிசம்பரில் மறுபடியும் அட்டன், மறுபடியும் கணிதம். வினாத்தாளைத் திருப்பினாள். சொல்லி வைத்தாற்போல நெஞ்சு பறையடித்தது, உள்ளங்கை நனைந்தது. வா தாயி என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டு, கதிரையில் பாதியை விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். முதல் கணக்கு கண்ணுக்குத் தெரிந்தது. அதைப் போட்டாள். இரண்டாவது கணக்கின் நடுவில் ஒரு நிழல் மேசைமேல் விழுந்தது. பரீட்சை மேற்பார்வைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த ஒரு மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். அவர் அனுபவசாலி. ஒரு பிள்ளை அரைக் கதிரையில் உட்கார்ந்து வாயை முணுமுணுத்தால், மீதி அரைக் கதிரையில் பார்த்தெழுதும் துண்டுக் கடதாசி இருக்கும் என்பது அவருக்கு உலகறிந்த உண்மை. எழும்பச் சொன்னார்.

எழும்பியதுதான் ஆபத்து. உட்கார்ந்திருந்தவரை கால் மேசைக்குக் கீழே அடங்கிக் கிடந்தது, இப்போது நிமிர்ந்துவிட்டது, எதிரே கதவு திறந்திருந்தது. மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மாஸ்டர் கதிரையைத் தடவினார், குனிந்து கீழே பார்த்தார், ஒன்றும் இல்லை என்றதும் அவருக்குக் கோபம் வந்தது.

“என்ன பிள்ளை, ஏன் அரைக் கதிரையில இருக்கிறீர்?”

பேய்க்கு இடம் விட்டேன் என்று சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார். ஓடினால் தானாகவே வெளியே போய்விடலாம். கால் இரண்டாவதைத்தான் விரும்பியது. சுகிர்தம் அந்தக் காலோடு கொஞ்ச நேரம் நின்றாள். ஏசவில்லை. பிறகு, அந்தக் கீழ்க்கணக்குக் காம்பராவில் பேயின் பெயரால் சொன்னதை, முதன்முதலாகத் தன் பெயரிலேயே சொன்னாள்.

“எனக்குப் பயமா இருக்குங்க சேர்.”

மாஸ்டருடைய அனுபவத்தில் பிள்ளைகள் தலைவலி என்பார்கள், வயிற்றுவலி என்பார்கள், இப்படி யாரும் சொன்னதில்லை. அவருடைய முகம் தளர்ந்தது. அரசாங்கம் முழுக் கதிரை தந்திருக்கிறது, முழுசா இருந்து எழுதும் என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்றவரிடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். சுகிர்தம் உட்கார்ந்தாள். தண்ணீரைக் குடித்தாள். அவர் அந்தப் பக்கம் போனதும் மெதுவாக மறுபடியும் நகர்ந்து இடம் விட்டுவிட்டு இரண்டாவது கணக்கைத் தேடினாள். கடைசி மணி அடித்தபோது பேனை அவள் கையில் இருந்தது.

இவ்வளவு செய்தவள் தேறியிருக்க வேண்டும் என்றுதான் படிக்கிறவர்கள் எதிர்பார்ப்பார்கள். தேறவில்லை. அவள் போட்ட கணக்குகள் சரியாகத்தான் இருந்தன, ஆனால் நேரத்துக்குள் போட்டது குறைவு. அடுத்த வருடம் கொழுந்துக் கூடையைச் சுமந்துகொண்டே படித்து நான்காம் தடவையில் தேறியதையும், பிறகு ராகலைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சரானதையும், பரீட்சை நாட்களில் அவளிடம் படித்த பிள்ளைகள் வாங்குப் பலகையில் கொஞ்சம் தள்ளி உட்காருவதைப் பார்த்து வேறு டீச்சர்மார் குழம்பியதையும் இங்கேயே சொல்லிவிடலாம். அவை நல்ல செய்திகள்தான். ஆனால் சூசைரட்ணமும் அந்தோனியம்மாவும் பயந்துகொண்டிருந்தது தேறாத அந்த நாளைப் பற்றித்தான்.

பெறுபேற்றைக் கொட்டகலைப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியரான பெரிய மாஸ்டர் கூப்பிட்டுச் சொன்னார். சுகிர்தம் கொட்டகலை பஜாரிலிருந்து மழையில் நடந்து வந்தாள். முகத்தைப் பார்த்ததும் லயத்துக்கே விஷயம் தெரிந்துவிட்டது, காளியாயிகூட உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சூசைரட்ணம் அன்று வேலையிலிருந்து இன்னும் திரும்பவில்லை. சுகிர்தம் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். ஈரத் துணியை மாற்றினாள். பாயை விரித்தாள். சுவரைப் பார்த்துப் படுத்தாள்.

அந்தோனியம்மா காம்பரா நடுவில் நின்றாள். ஒரு வருடத்துக்கு முந்திய நாட்கள் அத்தனையும் திரும்பி வந்து அவள் நெஞ்சில் உட்கார்ந்தன. பாயருகே குந்தி மகளின் முதுகைத் தொட்டாள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சுகிர்தம் அழுதாள், சத்தமாகவே அழுதாள். உதடு அசைகிறதா என்று பார்க்க அந்தோனியம்மாவுக்குத் தைரியம் வரவில்லை. மகளுக்கு இனி என்ன செய்வது என்று தெரியாமல், தனக்குத் தெரிந்ததைச் செய்யத் தொடங்கினாள்.

“நாந்தான் பாவி. நாலு எழுத்துத் தெரியாத ஜென்மம் நானு. என் வயித்துல பொறந்துட்டு ஒனக்கு வேற என்னா கெடைக்கும்? புள்ளைய ஊரு சிரிக்கக் கோடாங்கிகிட்ட இழுத்துட்டுப் போன மூதேவி நாந்தான். நா எதுக்கு உசுரோட இருக்கேன்.”

சுகிர்தத்தின் அழுகை நின்றது. அந்த வார்த்தைகள் அவளுக்கு நன்றாகத் தெரியும். அதே மெட்டு, அதே மூதேவி, கடைசியில் வருகிற அதே கேள்வி. அம்மா அதைச் சொல்லும்போது எங்கேயும் தடுக்கவில்லை, காலமெல்லாம் சொல்லிப் பழகியவளின் வேகத்தில் சொல்லிக்கொண்டு போனாள். கங்காணி ஏசும்போது அம்மா எதிர்த்து நின்றதைச் சுகிர்தம் பார்த்திருக்கிறாள். இந்த ஏச்சுக்கு அம்மா ஒருநாளும் எதிர்த்து நிற்கவில்லை.

அவள் சுவரிலிருந்து திரும்பினாள். எழுந்து உட்கார்ந்து அம்மாவின் வாயைக் கையால் பொத்தினாள்.

“எங்கம்மாவ ஏசாதீங்க,” என்றாள்.

அந்தோனியம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவள் உடைந்துபோனாள். அந்த வயது வரைக்கும் அவளுக்காக யாரும் அப்படிக் கேட்டதில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள், சுகிர்தமும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடிந்ததும் இருவருக்கும் பசித்தது.